ஒரு சொல், பத்தொன்பது தடவை

மாமியார் முப்பத்தொரு வருஷம் ஓர் ஆங்கில நாளிதழில் உதவி ஆசிரியராக இருந்தவர். மற்றவர்கள் எழுதியதில் வேண்டாததை வெட்டுவதுதான் அவர் வேலை. ஓய்வு பெற்று ஐந்து வருஷமாகியும் கை அடங்கவில்லை. மருமகள் கடைச் சீட்டில் 'நல்ல தக்காளி அரைக் கிலோ' என்று எழுதி வைத்தால், அவள் குளித்துவிட்டு வருவதற்குள் நீலப் பென்சில் வந்து 'நல்ல' என்பதை அடித்துவிட்டுப் போயிருக்கும். கெட்ட தக்காளியை யார் கேட்டு வாங்குகிறார்கள் என்பது மாமியாரின் வாதம். மகனுடைய கல்யாண அழைப்பிதழிலேயே நாலு வரி காணாமல் போனது. 'அன்புடன் அழைக்கிறோம்' என்பதில் 'அன்புடன்' மட்டும் தப்பியது, அச்சகத்துக்காரர் அழாத குறையாகக் கெஞ்சியதால்.

இப்படிப்பட்டவர் எழுதிய ஆங்கிலக் கவிதையை எடுத்துத்தான் மருமகள் இசை அமைத்தாள். தெரிந்தே செய்தாள் என்று சொல்ல முடியாது. ஆரம்பத்தில் அது பெரிய காரியமாகத் தெரியவில்லை.

மருமகளுக்குக் காது மருத்துவமனையில் வேலை. சத்தம் புகாத ஒரு சின்ன அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒலிவாங்கியில் ஒவ்வொரு சொல்லாகச் சொல்வாள். அவர்கள் காதில் விழுந்ததைத் திருப்பிச் சொல்ல வேண்டும். மாலையில் நான்கு குரல் சேர்ந்திசைக் குழுவில் பாடுவாள். பெண்களில் தாழ்ந்த குரலான ஆல்ட்டோ. ஆல்ட்டோக்களுக்கு மெட்டு எப்போதும் பெரிதாக ஒன்றும் இருக்காது. மற்றவர்கள் ஏறி இறங்கும்போது ஒரே இடத்தில் நிற்க வேண்டும். அது அவள் சுபாவத்துக்குப் பொருந்தியிருந்தது.

கல்யாணமான புதிதில் வீட்டிலும் அவள் அப்படித்தான் நின்றாள். கணவன் லிஃப்ட் பழுது பார்ப்பவன். இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவன் தொழில். எந்த நேரத்தில் எங்கே கூப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டு மேசைக்கு இந்தப் பக்கம் மருமகள், அந்தப் பக்கம் மாமியார். இருவருக்கும் பேசத் தெரியும். என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. நாலு மாதம் அப்படியே போயிற்று. ஒருநாள் மாமியார் ஒரு தாளை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல எழுந்து போய்விட்டார். அடுப்பில் எதுவும் இல்லை.

தாளில் ஒரு கவிதை. பன்னிரண்டு வரி, ஐம்பத்தெட்டுச் சொற்கள். பத்திரிகை அலுவலகத்தில் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணி; அந்த ஆணியில் ஒரு மழைக்கோட்டு. யாருடையது என்று யாருக்கும் தெரியாது. ஒன்பது வருஷம் அது அங்கேயே தொங்குகிறது. மூன்று ஆசிரியர்கள் மாறுகிறார்கள். சுவருக்கு இரண்டு தடவை வெள்ளை அடிக்கிறார்கள்; அடிக்க வந்தவர்கள் கோட்டை மரியாதையாக எடுத்து நாற்காலியில் வைத்து, வேலை முடிந்ததும் திரும்ப மாட்டிவிட்டுப் போகிறார்கள். பதினோராவது வரியில் அந்தக் கோட்டைப் பற்றி ஒரே ஒரு சொல் வருகிறது. லோன்லி. தனித்துப்போனது.

மருமகள் அந்தச் சொல்லை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு வாரத்தில் ஒரு குரலுக்கும் பியானோவுக்குமாக அதற்கு இசை அமைத்தாள். வீட்டில் இருந்த கீபோர்டில் தானே வாசித்து, கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு பாடினாள். பாடி முடித்தபோது மூடாத கால்வாசியில் மாமியார் நின்றிருந்தார். சொல்லெல்லாம் காதில் விழுந்தது என்றார். அந்த வாயிலிருந்து அப்படி வந்தால் மாலை போட்டதற்குச் சமம்.

அதற்குப் பிறகு மேசையில் பேச்சு வந்தது. நிறைய இல்லை, வெட்டியது போக மிச்சம்.

அந்தப் பாட்டைக் கேள்விப்பட்ட குழுத் தலைவர், அதை நான்கு குரலுக்கு விரித்துக் கொடு, ஆண்டுக் கச்சேரியில் பாடலாம் என்றார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியர். எல்லாரும் டிரில் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். மருமகள் வீட்டில் கேட்டாள். மாமியார், எழுதேன், அதுக்கென்ன என்றார். நான்கு குரல் என்றால், நான்கு பேர் ஒன்றாக நின்று ஒரே கவிதையைச் சீக்கிரமாகப் பாடி முடிப்பார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டார். அதை அவரிடம் யாரும் விளக்கவில்லை. மருமகளுக்கு விளக்கத் தைரியம் இல்லை.

கச்சேரி சனிக்கிழமை. அதற்கு முந்தைய ஞாயிறு, மருமகள் மேடைக்கான முப்பத்திரண்டு இசைத்தாள் பிரதிகளை மேசையில் பரப்பிப் பின் அடித்துக்கொண்டிருந்தாள். கூடவே ஒரு படிவமும் இருந்தது. கவிதை எழுதியவர் உயிரோடு இருந்தால் அவர் கையெழுத்து வேண்டும் என்பது குழுவின் விதி. வியாழக்கிழமை மதியம் நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போகிறது. அதற்குள் கையெழுத்து வராவிட்டால் அவள் பாட்டு நீக்கப்பட்டு, குழு பதினோரு வருஷமாகப் பாடிக்கொண்டிருக்கும் படகுப் பாட்டு அந்த இடத்துக்கு வரும். மருமகள் எழுதிய முதல் சேர்ந்திசை இது. படகுப் பாட்டை அவள் தூக்கத்திலும் பாடுவாள். அதைக் கேட்டால் தூக்கமும் வரும்.

மாமியார் படிவத்தை வாங்கினார். பேனாவைத் திறந்தார். பிறகு, படிக்காமல் கையெழுத்துப் போடும் பழக்கம் இல்லாதவராதலால், ஒரு பிரதியை இழுத்துப் புரட்டினார். இசைக் குறிகள் அவருக்குத் தெரியாது. கீழே ஓடும் சொற்கள் தெரியும். முதல் பக்கம், இரண்டாம் பக்கம். பேனாவை மூடினார்.

"இந்த லோன்லிய நான் எத்தன தடவ எழுதினேன்?"

"ஒரு தடவ, அத்தை."

"இதுல எத்தன?"

"பத்து பன்னெண்டு இருக்கும்."

"பத்தொம்பது. அதுவும் பதினோராவது வரியில வர்றத, முதல் வரிக்கு முன்னாடியே போட்டு உடைச்சிருக்கே."

மருமகள் விளக்கப் பார்த்தாள். ஆண்களின் அடிக்குரலான பேஸ்தான் முதலில் தொடங்கும். அந்தச் சொல்லை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்கள். அதற்கு மேல் மற்றவர்கள் கவிதையை வரிசையாகப் பாடுவார்கள். சொல் கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, பதினோராவது வரியில் பெண்களின் உச்சக்குரலான சொப்ரானோவுக்குப் போய்ச் சேரும். மாமியார் பொறுமையாகக் கேட்டார். ஐம்பத்தெட்டுச் சொல் இப்போது நானூற்று முப்பத்தொன்று ஆகியிருக்கிறது என்றார். எண்ணிவிட்டார்.

"உன் ஆஸ்பத்திரியில ஒரு சொல்ல எத்தன தடவ சொல்லுவே?"

ஒரு தடவைதான். அதுதான் பரிசோதனையின் விதி. அதை அவளேதான் ஒருநாள் பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

"காது மந்தமானவங்களுக்கே ஒரு தடவதான். டிக்கெட் வாங்கிட்டு வர்றவன் என்ன பாவம் பண்ணினான்?"

அந்த நேரம் பார்த்துக் கணவன் உள்ளே வந்தான். இரண்டு முகங்களையும் பார்த்தான். வெளியில் மாட்டிக்கொண்டவர்களை எடுப்பதுதான் தன் வேலை, வீட்டில் தானே போய் மாட்டிக்கொள்வது வேலையில் சேராது என்று சொல்லிவிட்டு வந்த வழியே போனான்.

படிவம் மேசையிலேயே கிடந்தது. பிரதிகளும் கிடந்தன.

திங்கட்கிழமை மருமகள் வேலைக்குப் போய்த் திரும்பியபோது முப்பத்திரண்டும் ஓரம் தட்டி அழகாக அடுக்கப்பட்டு, சணல் கயிற்றால் கட்டப்பட்டிருந்தன. அத்தைக்கு மனம் இளகிவிட்டது என்று நினைத்தாள். மறுநாள் ஒத்திகைக்குக் கிளம்பும்போது, நானும் வருகிறேன் என்று மாமியார் செருப்பை மாட்டியதும் அது உறுதியாகவே தெரிந்தது. பேருந்தில் தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு சந்தோஷமாகப் போனாள். கயிற்றை அவிழ்த்துப் பார்க்க அவளுக்குத் தோன்றவில்லை.

ஒத்திகை, டிரில் மாஸ்டரின் பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடத்தில். ரப்பர் பாயும் பழைய பந்தும் சேர்ந்து ஒரு வாடை. மாமியார் கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே கிடந்த நீள பெஞ்சில் உட்கார்ந்தார். பிரதிகள் கை மாறின.

டிரில் மாஸ்டருக்கு ஒரு விதி உண்டு. தாளில் பென்சில் குறி இருந்தால் கேள்வி கேட்கக் கூடாது, பாட வேண்டும். கேள்வி இருந்தால் முடிந்த பிறகு. முப்பத்திரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கேள்வி இருந்தால் ஒத்திகை முடிந்தபாடில்லை என்பது அவர் அனுபவம். குழு அதற்கு நன்றாகப் பழகியிருந்தது. மருமகளும் இதற்கு முன் மூன்று தடவை கடைசி நேரத்தில் திருத்தியிருந்தாள். ஆகவே தாளைத் திறந்து பக்கத்துக்குப் பக்கம் நீலக் கோடுகளைப் பார்த்தபோது ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. மருமகள் தன் பிரதியைத் திறந்தாள். நிறுத்தச் சொல்லி அவள் கையைத் தூக்குவதற்குள் டிரில் மாஸ்டர் கையை இறக்கிவிட்டார்.

மாமியார் நாணயமானவர். இசைக் குறிகள் தனக்குத் தெரியாது என்பதால் அவற்றில் கை வைக்கவில்லை. சொற்களை மட்டும் வெட்டியிருந்தார். ஒரு தடவை வந்த சொல் மறுபடி வந்தால் அடி. லோன்லி மட்டும் பதினோராவது வரியில் பிழைத்திருந்தது. முப்பத்திரண்டு பிரதியிலும் ஒரே மாதிரி, ஓரத்தில் வாலைச் சுழித்த, 'நீக்கு' என்னும் பத்திரிகைக் குறியோடு. விளைவு, ஏழு நிமிஷப் பாட்டில் முக்கால்வாசி இடத்தில் மெட்டு இருந்தது, சொல் இல்லை.

சொல் இல்லாத இடத்தில் என்ன செய்வது என்று விதி எதுவும் இல்லை. சொப்ரானோக்கள் 'ஆ' என்று இழுத்தார்கள். ஆல்ட்டோக்கள் வாயை மூடிக்கொண்டு முனகினார்கள். ஆண்களின் மேல்குரலான டெனர்களில் பாதிப் பேர் அதற்கு, பாதிப் பேர் இதற்கு. பேஸ் வரிசை, சொல் இல்லை என்றால் பாட்டும் இல்லை என்று முடிவெடுத்துக் கையைக் கட்டிக்கொண்டு நின்றது. நாலு நிமிஷம் கழித்து அவர்கள் எட்டுப் பேரும் திடுமென்று 'நாற்காலி' என்று ஆங்கிலத்தில் உறுமினார்கள். பிறகு மறுபடியும் மௌனம்.

யாரும் சிரிக்கவில்லை. விதி அப்படி. கடைசிக் குறி வரை போய் நின்றார்கள்.

இது யாருடைய யோசனை என்று டிரில் மாஸ்டர் கேட்டார். எல்லாரும் மருமகளைப் பார்த்தார்கள். மருமகள் பெஞ்சைப் பார்த்தாள். மாமியார், வகுப்பில் பதில் தெரிந்த பிள்ளைபோலக் கையைத் தூக்கினார்.

பேஸ் வரிசையின் தலைவர் பல் டாக்டர். அவருக்குத்தான் ஆற்றவில்லை.

"அம்மா, என் ஆளுங்களுக்கு ஏழு நிமிஷத்துல மூணு சொல்லு மிஞ்சியிருக்கு. வாயத் தொறந்து வெச்சுட்டு ஒண்ணும் பேசாம இருக்கறது என் கிளினிக்ல நோயாளிங்க செய்யற வேல. அத நான் இங்கயும் வந்து பாக்கணுமா?"

மாமியார், மூணும் முக்கியமான சொல் என்றார்.

டிரில் மாஸ்டர் இருவரையும் அமர்த்தினார். நீலத்தை மறந்துவிடுங்கள், முதலிலிருந்து பழையபடி என்று கையைத் தூக்கினார். மருமகளிடம் கேட்கவில்லை. மாமியாரிடமும் கேட்கவில்லை.

பேஸ்கள் தொடங்கினார்கள். எட்டு ஆண்கள் தரைக்குப் பக்கத்தில் அந்த ஒரு சொல்லை வைத்தார்கள். எடுத்தார்கள். மறுபடி அங்கேயே வைத்தார்கள். அதன் மேல் கதவு வந்தது, ஆணி வந்தது, ஆசிரியர்கள் வந்து போனார்கள். சொல் டெனர்களிடம் ஏறியது. ஆல்ட்டோ வரிசையில் நின்று பாடிக்கொண்டே மருமகள் பெஞ்சைப் பார்த்தாள். மாமியார் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பத்து விரலும் முடிந்தது. மறுபடி கட்டைவிரலில் தொடங்கினார். பதினோராவது வரியில் சொப்ரானோக்கள் உச்சிக்குப் போய் அந்தச் சொல்லை நான்கு தாளக் கட்டு நீளத்துக்கு இழுத்துவிட்டார்கள். பிறகு ஒவ்வொரு குரலாக அதை வைத்துவிட்டு விலகியது. பத்தொன்பதாவது முடிந்தபோது அவர் கையில் ஒரு சுண்டுவிரல் மடங்காமல் மிச்சமிருந்தது.

அதை மடக்காமலே மாமியார் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது பேருந்தில் ஒன்றும் பேசவில்லை.

புதன்கிழமையும் பேசவில்லை. படிவம் மேசையில் அப்படியே கிடந்தது. மருமகள் மருத்துவமனையில் ஒலிவாங்கிக்கு முன்னால் உட்கார்ந்து ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். ஒரு பெரியவருக்கு மறந்துபோய் ஒரு சொல்லை இரண்டு தடவை சொல்லிவிட்டாள். முதல் தடவையே கேட்டுச்சும்மா என்று அவர் கோபித்துக்கொண்டார். மாலையில் டிரில் மாஸ்டர் தொலைபேசியில், படகுப் பாட்டுத் தாள்களைத் தூசு தட்டட்டுமா என்று கேட்டார். ஒருநாள் பொறுங்கள் என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால், காலையில் எழுதி வைத்த கடைச் சீட்டில் 'நல்ல' உயிரோடு இருந்தது. அது நல்லதா கெட்டதா என்று அவளுக்குப் புரியவில்லை. அத்தைக்கு உடம்பு சரியில்லையோ என்று கணவனிடம் கேட்டாள். அவன் போய் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, திட்டு வாங்கிக்கொண்டு திரும்பினான். உடம்பு சரியாகத்தான் இருந்தது.

வியாழன் காலை, தண்ணீர்க் கூஜாவுக்கு அடியில் படிவம். கையெழுத்துப் போட்டிருந்தது. மாமியார் குளியலறையில் இருந்தார். மருமகள் கதவுக்கு வெளியிலேயே நின்று நன்றி சொல்லிவிட்டு ஓடினாள். உள்ளேயிருந்து ஏதோ சொன்னார். தண்ணீர்ச் சத்தத்தில் கேட்கவில்லை. குழுவின் செயலாளர் மருந்துக் கடை வைத்திருப்பவர். அவர் கையெழுத்தைப் பார்த்தார், படிவத்தைக் கோப்பில் செருகினார், மதியம் நிகழ்ச்சித் தாள் அச்சுக்குப் போயிற்று. மருமகள் அன்று மதியம் இரண்டு பேர் சாப்பாட்டைச் சாப்பிட்டாள்.

வெள்ளிக்கிழமை, கடைசி ஒத்திகை இருப்பதால் வேலையிலிருந்து சீக்கிரம் வந்தாள். மாமியார் தேநீரை அவள் பக்கம் தள்ளிவிட்டு, புதுச் சொல் அந்தத் தையல்கார அம்மாவுக்கு வாயில் வந்ததா என்று சாதாரணமாகக் கேட்டார். தையல்கார அக்காதான் சொப்ரானோக்களின் தலைவி.

"என்ன புதுச் சொல்லு?"

"பின்பக்கம் பாக்கலயா?"

மருமகள் மருந்துக் கடைக்குத் தொலைபேசி அடித்தாள். செயலாளர் யாருக்கோ இருமல் மருந்து கொடுத்துக்கொண்டே கோப்பைத் தேடி எடுத்தார். படிவத்தின் பின்பக்கத்தில் கவிதை முழுக்க எழுதியிருக்கிறது என்றார். பதினோராவது வரியை வாசிக்கச் சொன்னாள். லோன்லி இருந்த இடத்தில் டஸ்டி என்று இருந்தது. தூசு படிந்தது. அதற்குக் கீழே, இந்த ஐம்பத்தெட்டுச் சொற்களுக்கு மட்டுமே அனுமதி என்று அடிக்கோடு போட்டிருந்தது. தனக்கு வருகிற டாக்டர் சீட்டுகளில் ஓர் எழுத்தும் புரியாது, இது அச்சடித்ததுபோல இருக்கிறது என்று செயலாளர் பாராட்டினார்.

மருமகள் போனை வைத்தாள். இந்த வீட்டுக்கு வந்து முதன்முதலாக அவள் குரல் உயர்ந்தது. அவளுக்கே அது யாரோ ஒரு சொப்ரானோ பேசுவதுபோல இருந்தது.

"நாளைக்குக் கச்சேரி அத்தை. அந்தச் சொல்லுக்காகத்தான் நான் இந்தப் பாட்டையே எழுதினேன்."

"தெரியும்."

"அது போயிட்டா இதுல என்ன இருக்கு? தூசு இருக்கு."

"தூசுதான் இருந்துச்சு. அத நான் கண்ணால பாத்தேன். அந்தக் கோட்டு தனியா தவிச்சுதுன்னு எனக்கு எப்படித் தெரியும்? அதுகிட்ட நான் என்ன பேட்டியா எடுத்தேன்? ஒரு நிருபர் இப்படி எழுதிக் கொண்டுவந்திருந்தா அங்கயே அடிச்சிருப்பேன். நான் எழுதினதால விட்டுட்டேன். ஒரு தடவ படிச்சா தெரியல. பத்தொம்பது தடவ பாடினீங்களே, பதினஞ்சாவதுல மாட்டிக்கிச்சு."

மருமகள் தேநீர்க் கோப்பையைப் பார்த்தாள். கல்யாணமான புதிதில் பார்த்துக்கொண்டிருந்த அதே கோப்பை. பிறகு மெதுவாக, அந்த நாலு மாதம் இந்த மேசையில் தனக்கு எப்படி இருந்தது என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது என்றாள். அதைச் சொன்னதும் சொல்லியிருக்க வேண்டாமோ என்று நினைத்தாள்.

மாமியார் பென்சிலை மேசையில் உருட்டினார்.

"அதுவும் செவ்வாக்கிழமையே தெரிஞ்சுபோச்சு," என்றார். "அந்தப் பல் டாக்டர் ஆளுங்க வாயத் தொறந்தாங்க பாரு, என்ன சொல்லுன்னு புரியறதுக்கு முன்னாடியே அது வந்து எம்பக்கத்துல உக்காந்துடுச்சு. இசையிலயே நீ அதச் சொல்லிட்டே. நானும் அதையே சொன்னா ரெண்டு பேர்ல ஒருத்தர் அதிகம். உன்னோடத வெட்ட எனக்குத் தெரியாது. என்னோடத வெட்டினேன்."

மருமகள் எழுந்து போய்க் கீபோர்டின் முன்னால் உட்கார்ந்தாள். கதவை மூடவில்லை. பேஸ்களின் முதல் குறிகளை வாசித்து, மெதுவாக டஸ்டி என்று பாடினாள். இரண்டே அசை, முதல் அசையில் அழுத்தம். பழைய சொல் உட்கார்ந்த நாற்காலியில் புதியது அப்படியே உட்கார்ந்தது. ஒரு குறியும் மாற வேண்டியதில்லை. பதினோராவது வரிக்குப் போனாள். உச்சத்தில் 'லோ' என்று இழுக்கும்போது உதடு குவியும், ஊதுவதுபோல. இப்போது வாய் 'ஆ' என்று திறந்துகொண்டது. மேலே மெட்டில் அத்தனை துயரம் இருக்க, கீழே வெறும் தூசு என்று சொல்லும்போது துயரம் கூடித்தான் போயிற்று. இன்னொரு தடவை பாடிப் பார்த்தாள். நன்றாக இருந்தது. நன்றாக இருக்கிறதே என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

தையல்கார அக்காவுக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் ஊசியைக்கூடக் கீழே வைக்காமல் பேசினார்.

"ரெண்டு மாசமா அந்த உச்சத்துல 'ஓ'வ வெச்சு என் கழுத்த நெரிச்சே. 'ஆ' குடுன்னு அன்னிக்கே கேட்டேன்ல. உன் மாமியாருக்கு ஒரு ஜாக்கெட் இலவசமா தெச்சுத் தரேன்னு சொல்லு."

அன்று மாலை உடற்பயிற்சிக் கூடத்தில் டிரில் மாஸ்டர், பென்சில் எடுங்கள் என்றார். முப்பத்திரண்டு பென்சில்கள் எழுந்தன. யாரும் கேள்வி கேட்கவில்லை. பல் டாக்டர் மட்டும், தன் ஆட்களுக்குப் பழைய எண்ணிக்கையே இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார்.

சனிக்கிழமை கச்சேரி ஆறு மணிக்கு. நாலரைக்கு மருமகளும் மாமியாரும் அரங்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வாசல் மேசையில் நிகழ்ச்சித் தாள்கள் கட்டுக் கட்டாக இருந்தன. இருநூறு. மாமியார் ஒன்றை எடுத்தார். கவிதை முழுவதும் நடுப் பக்கத்தில் அச்சாகியிருந்தது. பதினோராவது வரியில் லோன்லி.

மருமகளுக்கு அப்போதுதான் உறைத்தது. அச்சகத்துக்குப் போனது, அவள் முன்பே அனுப்பியிருந்த பழைய சொல் உள்ள கோப்பு.

மாமியாரின் முகம் போன போக்கைப் பார்த்து, பரவாயில்லை அத்தை, யாரும் கவனிக்க மாட்டார்கள் என்று சொல்லப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். முப்பத்தொரு வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவரிடம் சொன்னவர்கள் என்ன ஆனார்களோ. மாமியார் கைப்பைக்குள் கையை விட்டார். நீலப் பென்சில் வந்தது. மறுபடி கையை விட்டார். இன்னொன்று வந்தது.

நுழைவாயில் பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு நூறு. அடித்து, மேலே எழுதி, அடுத்தது. முதலில் மருமகளின் எழுத்து கோணலாக இருந்தது. மாமியார் எட்டிப் பார்த்து இரண்டைத் திருப்பிக் கொடுத்தார். கணவன் வந்தான், இருவரையும் பார்த்தான், இந்தத் தடவை தப்பி ஓடாமல் எழுதி முடித்ததை எடுத்து அடுக்கிக் கொடுத்தான். ஐந்தரைக்குக் கதவு திறந்தது. முடிந்ததை முடிந்ததாக அவன் வாசலில் விநியோகித்தான். வந்தவர்கள் தாளை வாங்கிக்கொண்டு, பெஞ்சில் இரண்டு பெண்கள் பரீட்சை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்கள்.

"எத்தன ஆச்சு அத்தை?"

"எண்பத்தாறு."

"ஒரே சொல்லையா?"

மாமியாரின் பென்சில் ஒரு கணம் நின்றது. மருமகள் தலையைக் குனிந்துகொண்டு தன் தாளில் ரொம்பவும் கவனமாக எழுதினாள். பக்கத்தில் தோள் குலுங்குவது தெரிந்தது. மாமியார் சிரித்து அவள் பார்த்ததில்லை, இப்போதும் பார்க்கவில்லை.

"பேசாம எழுது," என்றார் மாமியார்.

ஆறடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது டிரில் மாஸ்டர் கதவருகில் வந்து மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். மருமகள் எழுந்தாள். மாமியாரிடம் இன்னும் பன்னிரண்டு தாள் மிச்சம். விட்டுவிடச் சொன்னாள். மாமியார் அவற்றை மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே நடந்தார்.

மேடையில் ஆல்ட்டோ வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் அவள் இடம். அங்கிருந்து மூன்றாவது வரிசை நன்றாகத் தெரிந்தது. அவர்கள் பாட்டுத்தான் முதல். டிரில் மாஸ்டர் கையைத் தூக்கியபோதும் மாமியார் மடியில் தாள்களோடு குனிந்தே இருந்தார். விளக்கு அணையவில்லை, அந்த அரங்கத்தில் விளக்கை அணைக்கிற வழக்கம் இல்லை.

பல் டாக்டரின் ஆட்கள் சொல்லைத் தரையில் வைத்தார்கள். டஸ்டி. மாமியார் ஒரு தாளில் எழுதினார். மறுபடி வைத்தார்கள். இன்னொரு தாள். கதவு வந்தது, ஆணி வந்தது. சொல் டெனர்களுக்கு ஏறியது. அது ஒவ்வொரு தடவை வரும்போதும் நீலப் பென்சில் ஒரு தடவை ஓடியது. முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. மருமகள் பாடிக்கொண்டே எண்ணினாள். பத்து. பதினொன்று. பன்னிரண்டாவது தடவை ஆல்ட்டோக்களுடையது. அதை அவளே பாடினாள், தான் நின்ற இடத்தில் நின்றபடி. மாமியார் அதை எழுதினார்.

மடியில் தாள் தீர்ந்துவிட்டது. இன்னும் ஏழு தடவை பாக்கி இருந்தது. மாமியார் பென்சிலைக் கைப்பைக்குள் போட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து கேட்கத் தொடங்கினார்.